நம்பர் இல்லாத பாலம்

— நான் சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் நீங்க...

— பன்னிரண்டு நாளா நீங்கதான் சொல்லி முடிச்சுக்கிட்டே இருக்கீங்க, இன்ஜினியர் சார். பாலம் உடைஞ்சபடியேதான் கிடக்கு.

— அம்மா, அது நகராட்சிப் பாலம் இல்லைன்னு எத்தனை தடவை...

— நகராட்சிப் பாலம் இல்லைன்னா நகராட்சிக் கயிறு எதுக்கு அதுல கட்டியிருக்கு?

— கத்தாதீங்க. பக்கத்து ரூம்ல கூட்டம் நடக்குது.

— நான் எங்க கத்தினேன்? இருபத்தாறு வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவ நான். பின்வாசல்ல நின்னு முன்வாசலோட பேசிப் பேசி தொண்டை இப்படி ஆயிடுச்சு. ரகசியம் சொன்னாலும் கடைசி சீட்டுக்குக் கேக்கும்.

— சரி, உக்காந்து பேசுங்க.

— எங்க உக்கார்றது? இந்த நாற்காலியில ஃபைல் உக்காந்திருக்கு. வெளிய வராந்தாவுல பெஞ்சைக் காணோம். ஒன்றரை மணி நேரமா நிக்கிறேன். பரவாயில்ல, நிக்கிறது எனக்குப் புதுசில்ல. நீங்க கயித்துக்குப் பதில் சொல்லுங்க.

— விதிப்படி பார்த்தா, கயிறு கட்டறது பாதுகாப்பு. பலகை மாத்தறது பராமரிப்பு. பாதுகாப்பு எங்க வேலை. பராமரிப்பு சொந்தக்காரங்க வேலை.

— யாரு சொந்தக்காரங்க?

— அது எங்களுக்குத் தெரியாது.

— எனக்குத் தெரியும். எங்க தெருக்காரங்க நாப்பது பேரு. பாழாக் கிடந்த ரயில் தடத்துல பதினாலு ஞாயித்துக்கிழமை முள்ளு வெட்டி, செங்கல் தூள் கொட்டி, நடக்கறவங்களுக்கு இந்தப் பக்கம், சைக்கிளுக்கு அந்தப் பக்கம்னு கோடு போட்டு, நடுவுல வாய்க்கா குறுக்க வந்துச்சேன்னு பாலமும் போட்டோம்.

— அப்ப நீங்களே மாத்திக்க வேண்டியதுதானே?

— மாத்தத்தானே போனோம். மூணாம் நாளு தச்சர் சுத்தியும் ஆணியுமா போய் உக்காந்தாரு. உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் ஓடி வந்து நோட்டீஸ் குடுத்தாரு. 'நகராட்சி மூடிய இடத்தில் கைவைத்தல்'னு. தச்சர் அதுக்குச் சட்டம் போட்டுப் பட்டறையில மாட்டியிருக்காரு. அவர் பேருக்கு வந்த முதல் சர்க்கார் கடுதாசியாம்.

— விதிப்படி பார்த்தா அது சரிதான். நாங்க மூடின இடத்துக்குள்ள வெளியார் சாமான் ஒண்ணும் போகக் கூடாது. ஆணி யார் வேணா அடிக்கட்டும். சாமான் நகராட்சியோடதா இருக்கணும், இடமாற்றச் சீட்டுல என் கையெழுத்து இருக்கணும்.

— அப்ப நகராட்சி சாமானை அனுப்புங்க.

— எங்களோடது இல்லாத பாலத்துக்கு எப்படிம்மா அனுப்பறது?

— இது எந்த ரூட்டு சார்? கிளம்பின ஸ்டாப்லயே வந்து நிக்குது.

— சிரிக்கிற விஷயமில்ல. இந்த வரைபடத்தைப் பாருங்க. இதோ வாய்க்கா. இதோ உங்க தெரு. நடுவுல என்ன எழுதியிருக்கு? படிங்க.

— முட்புதர்.

— அவ்வளவுதான். எங்களைப் பொறுத்தவரைக்கும் அது முட்புதர்.

— முட்புதர்ல 'வளைவில் மணி அடிக்கவும், இப்படிக்கு நகராட்சி'ன்னு எதுக்கு போர்டு வச்சீங்க? முள்ளுக்குக் காது கேக்கும்னா?

— போர்டு வச்சது போக்குவரத்துப் பிரிவு.

— உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கே, அந்தப் படம்? தலைவரும் பதினோரு உறுப்பினரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, அது எந்த இடம்?

— அது... ஒரு பாலம்.

— எந்தப் பாலம்?

— படம் மாட்டினது விளம்பரப் பிரிவு, அம்மா.

— நான் அன்னிக்கு அங்கதான் இருந்தேன். நாலு நாலு பேரா ஏறுங்கன்னு கெஞ்சினேன். படம் எடுக்கறவர் 'இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, இன்னும் கொஞ்சம்'ங்கறாரு. பன்னிரண்டு பேரும் நெருங்கினாங்க. அடியில 'டக்'குன்னு சத்தம். தலைவர் என்ன சொன்னாரு தெரியுமா? வாய்க்காவுல தவளைன்னாரு. அந்தத் தவளைதான் ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டு பலகையா உடைஞ்சு விழுந்துச்சு.

— அதுக்கு ஆதாரம் இல்ல.

— ஆதாரத்தைச் சுவத்துல மாட்டி வச்சுக்கிட்டு அதுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கீங்க.

— அம்மா, நேராவே கேக்கறேன். ஊர்ல நடக்கறதுக்கு எத்தனையோ ரோடு இருக்கு. இந்த ஒரு பாலத்துக்காக நீங்க ஏன் தினம் வந்து நிக்கிறீங்க?

— என் வீட்டுக்காரருக்காக. அவரும் பஸ்தான். டிரைவர். அவர் வண்டியிலதான் நான் கண்டக்டர். ஒரு விசில் குடுத்தா நிப்பாரு, ரெண்டு குடுத்தா கிளம்புவாரு. கல்யாணப் பேச்சுகூட எங்க வீட்ல பேசல, வண்டியிலயே முடிஞ்சுது. போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கிச்சு. நடந்தாத்தான் திரும்பும்னாரு டாக்டர். ரோட்டுல நடக்க மாட்டேங்கறாரு. அத்தனை வருஷம் ஹாரன் அடிச்ச மனுஷன், இப்ப பின்னாடி ஹாரன் கேட்டா அப்படியே நின்னுடறாரு.

— ஓ.

— அந்தப் பாதையில மட்டும்தான் நடப்பாரு. காலையில நான் வாசல்ல நின்னு ரெண்டு விசில் குடுப்பேன். எழுந்துப்பாரு. மூச்சு வாங்கினா ஒரு விசில். நிப்பாரு. பாலம் வரைக்கும் வர்றதுக்கு நாலு மாசம் ஆச்சு. பாலத்தைத் தாண்டினது போன மாசம்தான். அக்கரையில போய் நின்னுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாரு பாருங்க, ஏதோ மலைப்பாதையில வண்டி ஏத்தின மாதிரி.

— இப்ப நடக்கறதில்லையா?

— சாப்பாட்டு மேசையைச் சுத்தி வந்தாரு ஒரு வாரம். அப்புறம் அதுவும் இல்ல. நேத்து ரெண்டு விசில் குடுத்தேன். எழுந்திருக்கல. இருபத்தாறு வருஷத்துல ரெண்டு விசிலுக்கு அவர் நகராம இருந்தது நேத்துதான் சார்.

— எனக்கும் மனசு இருக்கும்மா. ஆனா...

— விதிப்படி பார்த்தா.

— விதிப்படி பார்த்தா, நாளைக்கு வேற பலகை உடைஞ்சு உங்க வீட்டுக்காரரே விழுந்தாருன்னு வைங்க. முதல் கேள்வி என்ன வரும்? யார் பொறுப்புன்னு வரும். நான் என்ன சொல்றது?

— நான் கேக்கறதும் அதேதான். யார் பொறுப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.

— சார், உள்ள வரலாமா?

— வாய்யா பெயிண்டு. என்ன?

— கையெழுத்து ஒண்ணு பாக்கி சார். வணக்கம் கண்டக்டரம்மா.

— வணக்கம் தம்பி. என்னது, பெயிண்டா?

— ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தாம்மா கூப்பிடறாங்க. இங்க இருக்கற சாமானுக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட்ல நம்பர் எழுதறது நான்தான். சாரோட மேசை முப்பத்தொண்ணு. நாற்காலி முப்பத்திரண்டு. குப்பைத் தொட்டி நூத்தி ஆறு.

— என்ன கையெழுத்துய்யா?

— இடமாற்றச் சீட்டு சார். வராந்தா பெஞ்ச், நம்பர் நானூத்திப் பதினேழு.

— பெஞ்சை எங்க மாத்தறீங்க?

— வெளியில சார். பொதுமக்கள் உபயோகத்துக்கு. காலையிலயே எடுத்துட்டுப் போயாச்சு. சீட்டுதான் பாக்கி.

— சாமான் போனப்புறம் கையெழுத்தா?

— வழக்கமா அப்படித்தானே சார்.

— வெளியில வச்சா மழையில நனையாதா?

— நல்ல தேக்கு சார். ஆறடிப் பலகை ரெண்டு. நூறு பேரு ஏறினாலும் அசையாது.

— பெஞ்ச் மேல எதுக்குய்யா நூறு பேரு ஏறப் போறாங்க? குடு. இந்தா. முத்திரையை நீயே குத்திக்க. பாத்தீங்களாம்மா, ஜனங்களுக்கு ஒண்ணும் செய்யறதில்லைன்னு பேசறீங்க. கேக்காமலே பெஞ்சைக் குடுத்திருக்கோம்.

— பாத்தேன் சார். மனசு குளிர்ந்துடுச்சு. ஒரு சந்தேகம். அந்த பெஞ்ச் வெளிய போயிடுச்சே, நாளைக்கு அதுல ஒரு ஆணி கழண்டா யாரு பார்ப்பாங்க?

— நாங்கதான்.

— வெளியில இருந்தாக்கூடவா?

— எங்க இருந்தா என்ன? எங்க நம்பர் இருக்குல்ல?

— அப்ப நம்பர்தான் கணக்கு.

— நம்பர்தான் கணக்கு. ஒரு சாமான்ல எங்க நம்பர் இருந்தா, அதுவும் எங்க பொறுப்பு, அது சேர்ந்திருக்கற இடமும் எங்க பொறுப்பு. போன வருஷம் பூங்காவுல அப்படித்தான் ஆச்சு. எங்க குழாய் ஒண்ணு யாரோட சுவத்துலயோ இருந்துச்சு. சுவர் இடிஞ்சுது. சுவத்தையே நாங்கதான் கட்டிக் குடுத்தோம்.

— இவ்வளவு தெளிவா யாருமே எனக்குச் சொல்லல சார். எனக்குத்தான் வயசாயிடுச்சு, தெருவுக்குப் போறதுக்குள்ள மறந்துடும். நாப்பது பேரும் என்னைத்தான் பிச்சு எடுப்பாங்க. இதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா, போய்ப் படிச்சுக் காட்டிட்டு இந்தப் பக்கமே வரமாட்டேன்.

— நிஜமாவா?

— இருபத்தாறு வருஷம் சீருடை போட்டவ சொல்றேன்.

— பெயிண்டு, லெட்டர் தாள் எடு. ம்... 'நகராட்சியின் எண் இடப்பட்ட எந்தப் பொருளும், அது பொருத்தப்பட்டுள்ள இடமும், நகராட்சியின் பராமரிப்பிலும் பொறுப்பிலும் உள்ளவை. எண் இல்லாதவற்றுக்கு நகராட்சி பொறுப்பல்ல.' போதுமா?

— கையெழுத்து.

— இந்தாங்க.

— முத்திரை.

— குத்துய்யா. இப்ப புரிஞ்சுதா? தெருவுக்குப் போய்ச் சொல்லுங்க. அந்தப் பாலத்துல எங்க நம்பர் போட்ட ஒரு பலகையைக் காட்டினா, நானே வந்து கயித்தை அவுத்து விடறேன்.

— ரொம்ப நன்றி சார். ஒரு நிமிஷம், போன் பண்ணிக்கறேன். ஹலோ, தச்சரே? ஆயிடுச்சா? ரெண்டு பக்கமுமா? ஏறிக் குதிச்சுப் பார்த்தீங்களா? சரி. அவர் எங்க? வீட்ல இருந்து நாற்காலியோட தூக்கிட்டு வந்துட்டீங்களா? திட்டறாரா? திட்டட்டும், திட்டினா நல்லா இருக்காருன்னு அர்த்தம். போனை அவர் காதுகிட்ட வைங்க. இந்தாங்க, நான்தான். ரைட் குடுக்கறேன், கிளம்புங்க. என்ன? சரி சரி. தச்சரே, அவர் சட்டைப் பையில என் விசில் இருக்கு, எடுத்து நீங்களே ரெண்டு ஊதுங்க. வாயில சொன்னா அவர் வண்டி எடுக்க மாட்டாராம்.

— அம்மா, எங்க கிளம்பறாரு?

— அக்கரைக்கு.

— பாலத்துல ரெண்டு பலகை இல்லையே?

— இருங்க சார், விசில் சத்தம். ஒண்ணு... ரெண்டு. ஆ, எழுந்துட்டாராம்.

— அங்க எந்தப் பலகை இருக்கு? யாரைக் கேட்டு... பெயிண்டு, நீ ஏன்யா சுவத்தைப் பார்த்து நிக்கிறே? அது எந்தப் பலகை?

— நானூத்திப் பதினேழு சார். நம்பர் மேல தெரியற மாதிரிதான் அடிக்கச் சொல்லியிருக்கேன்.