மணி எழுதாத மனு

சுகிர்தா: நைனா, பையக் குடு. மடியில வச்சிக்கிறேன். பஸ்ஸு தூக்கித் தூக்கிப் போடுது.

யேசுதாஸ்: இருக்கட்டும் சுகி... இன்னா உள்ள, கல்லா? இம்மாங் கனம்!

சுகிர்தா: பாத்து! மிஷினு. கலெக்டராண்ட காட்டணும்.

யேசுதாஸ்: எண்ணெ கேன்ல ஒயர சொருவிட்டு மிஷினாம். பாலிடெக்னிக்ல இதான் சொல்லித் தர்றாங்களா?

சுகிர்தா: சிரி, சிரி. காவாத் தண்ணி கெட்டுச்சின்னா ஒடனே காலனில நாப்பது போனுக்கு மெசேஜ் போவுது. யாரும் எறங்கறதில்ல. தங்கச்சி ஏஞ்சலின் கால்ல புண்ணு ஆறிக்கினு வருதே, பாத்தியா?

யேசுதாஸ்: ...பாத்தேன்.

சுகிர்தா: ஆமா, நீ எதுக்கு லீவு போட்டுட்டு திருவள்ளூர் வர?

யேசுதாஸ்: ரேஷன் கார்டு வேல.

சுகிர்தா: அதுக்குத்தான் கும்மிடிப்பூண்டிலயே தாலுக்கா ஆபீஸ் கீதே?

யேசுதாஸ்: போலீஸ்காரி மாதிரி கேக்காத. மனுவக் குடு, படிக்கிறேன்.

சுகிர்தா: வேணா நைனா...

யேசுதாஸ்: குடும்மா. என் கம்பெனி மேலதான குடுக்கற? ஏற்கெனவே ரெண்டு வாட்டி ஆதாரம் இல்லன்னு தள்ளிட்டாங்க. இப்ப இன்னா ஆதாரம்?

சுகிர்தா: மூணு மாசத்துல பதினோரு வாட்டி கழிவுத் தண்ணிய காவாயில வுட்டுக்கீறாங்க. எல்லாம் மிஷின்ல பதிஞ்சிக்கீது.

யேசுதாஸ்: தேதி போட்டுக்கீற... எத்தினி மணிக்குன்னு காணோமே?

சுகிர்தா: மிஷின்ல மணி சரியா காட்டல.

யேசுதாஸ்: மெசேஜ்ல மட்டும் சரியா வருது?

சுகிர்தா: வுடு நைனா.

யேசுதாஸ்: மணி இல்லாங்காட்டி, மழத் தண்ணின்னு சொல்லி மறுபடியும் தள்ளிடுவாங்க.

சுகிர்தா: தள்ளட்டும்.

யேசுதாஸ்: லீவு நாளெல்லாம் காவாயில நின்னு செஞ்சிட்டு... தள்ளட்டுமா? இன்னா விஷயம், சொல்லு.

சுகிர்தா: ஒரு வாரம் காத்தால வுடறாங்க. அடுத்த வாரம் மத்தியானம். திரும்பக் காத்தால... நம்ம ஊட்டு ஃபிரிட்ஜுல உன் ஷிப்டு சார்ட்டு ஒட்டிக்கீதே, அத வச்சிப் பாத்தேன். பதினொண்ணும் உன் டூட்டி. கழிவுத் தண்ணி வால்வத் தொறக்கறது நீயா?

யேசுதாஸ்: நாந்தான்.

சுகிர்தா: ...எல்லா வாட்டியுமா?

யேசுதாஸ்: வேற ஆள சூப்பர்வைசர் நம்ப மாட்டான். மாட்டேன்னா, மறுநாள் கேட்லயே நிறுத்திடுவான். ஏஞ்சலின் கால்ல மருந்து போட்டுட்டுத்தான் டூட்டிக்குப் போவேன். போயி... அதையேதான் தொறப்பேன்.

சுகிர்தா: மணி போட்டா, கான்ட்ராக்ட் ஆளு தெரியாம தொறந்துட்டான்னு உன் தலையில கட்டிடுவாங்க நைனா. வேலையும் போவும், கேஸும் உம்மேல வரும். அதான் மணிய எடுத்துட்டேன்.

யேசுதாஸ்: அம்மாவாண்ட சொன்னியா?

சுகிர்தா: இல்ல.

யேசுதாஸ்: பேனா கீதா?

சுகிர்தா: எதுக்கு?

யேசுதாஸ்: மணிய எழுது. தொறக்கச் சொல்லி சூப்பர்வைசர் சந்திரமோகன் சாரு வாய்ஸ் மெசேஜ்தான் போடுவாரு. கேட்டதும் அழிச்சிடுன்னு சொல்லுவாரு. நீ அந்தக் கேன காவாயில மெதக்க வுட்ட நாள்லேந்து நான் ஒண்ணக்கூட அழிக்கல. பதினொண்ணும் இந்தப் போன்ல கீது... ரேஷன் கார்டுக்கா லீவு போட்டேன்?