கீறலை மூடினது எது

– மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்காமல் சொல்லும் றுஷ்தா. அது துறைமுகத்து மீன் நாத்தந்தான். கம்பியூட்டர் என்ன சொல்லுது?

– கீறல் நூத்துக்கு நூறு மூடிட்டாம், சோமசேகரம் சேர்.

– பாத்தீரா! என்ட கடற்பாசி எண்ணெய் கைவிடாது எண்டு சொன்னனான்தானே!

– கணக்க மட்டும் பாத்தா அப்பிடித்தான். இண்டைக்குத்தான் படங்களத் திறந்து பாத்தன். சீ!

– படத்தை ஏன் பாக்கிறீர்? கால்மணித்தியாலத்துக்கு ஒருக்காப் படம் எடுத்துத் தானாவே அளக்கத்தானே அந்த மெசின்!

– அதுக்குக் கண் இரிக்கி, புத்தி இல்ல சேர். தட்டில வளத்த தோல் கலங்களுக்கு நடுவால ஒரு கோடு கீறினம். ரெண்டு பக்கத்துக் கலமும் நகந்து வந்து கீறல மூடுதா எண்டு அளக்க. இங்க ஒண்டும் நகரல்ல. எல்லாம் செத்துக் கிடக்கு. கீறல மூடினது பூஞ்சணம். பழைய பாண்ல பூக்கிற மாதிரி, மயிர் மயிரா. மெசின் அதையும் கலம் எண்டு அளந்திரிக்கி.

– தட்டு வெச்ச சூட்டுப் பெட்டிக்குள்ள தூசு போயிருக்கும்.

– எண்ணெய் ஊத்தாத ஆறு தட்டும் அதே பெட்டிக்குள்ளதான் இருந்த. அது சுத்தம். ஊத்தின ஆறும்தான் இப்பிடி. பூஞ்சணம் உங்கட எண்ணெய்க்குள்ள இரிக்கி.

– சும்மா கதைக்காதையும்! உப்புவெளியில என்ட குசினியில நானே காய்ச்சின எண்ணெய்.

– அதத்தான் நானும் சொல்றன்.

– சரி, சரி. படங்களை அழிச்சுப்போட்டுக் கணக்கை மட்டும் அனுப்பும்.

– அருவருப்பா இல்லையா சேர்? புண்ணுக்குப் பூசிற மருந்து இது! சீனி வருத்தக்காரர்ட கால்ல வெச்சா காலே போயிரும். என்ட பேர இந்த அறிக்கையில போடாதீங்க. நான் டிரெக்டருக்கு எழுதப் போறன்.

– ஆருக்கெண்டாலும் எழுதும். ஆனா இன்னொருக்கா அளந்து பாரும், பிள்ளை.

– எத்தின தரம் அளந்தாலும் பூஞ்சணம் பூஞ்சணந்தான். பேர் வாங்க இவ்வளவு அவசரமா?

– பேர் கிடக்கட்டும். அந்தக் கதவைச் சாத்திப்போட்டு வாரும். இந்தச் சப்பாத்தைக் கழட்ட ஒரு கை தாரும்.

– என்னத்துக்கு?

– எனக்கும் சீனி வருத்தந்தான். கால் விரலை வெட்டி எடுக்கவேணும் எண்டு ஆசுப்பத்திரியில சொன்னவை. பயத்தில நான் போகேல்ல. ஒரு மாசமா உந்த எண்ணெயைத்தான் பூசுறன். நாலு நாளாப் புண்ணில கட்டின சீலையை அவிட்டுப் பாக்க மனம் வரேல்ல. நீர் பாத்துச் சொல்லும்.