ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளம்பாத கார்

காபியில் சர்க்கரை போதுமா, சார்? எங்கள் வீட்டில் இரண்டு பேருமே சர்க்கரை போடாமல் குடிப்பவர்கள். விருந்தாளி வந்தால் அளவு தெரியாமல் முழிக்கிறேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டீர்கள். இரண்டாயிரத்து இரண்டாம் வருடத்து ஹோண்டா சிட்டி, வீடெக் இன்ஜின். முதலில் காஞ்சிபுரத்தில் ஒரு கண் டாக்டர் வைத்திருந்தார், அவரிடமிருந்து என் கணவர் வாங்கினார். வாங்கியபிறகு அதைச் சும்மா விடவில்லை. ஜப்பானிலிருந்து பெட்டியில் வந்த கேம்ஷாஃப்ட், கையால் வளைத்துப் பற்றவைத்த எக்ஸாஸ்ட், வண்டியை இரண்டு விரல் தாழ்த்துகிற ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாட்டினார். நிமிஷத்துக்கு ஐந்தாயிரம் சுற்றைத் தாண்டியதும் இந்த இன்ஜினுக்கு வேறொரு குரல் வரும். நீங்களும் பழைய ஜப்பான் வண்டிக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குரல் வரும்போது அவர் முகம் மாறும், அதை மட்டும் நான் சொல்ல முடியும்.

விற்பனை விளம்பரத்தில் 'அவ்வப்போது வயரிங் கோளாறு வரும்' என்று அவர் நேர்மையாகப் போட்டிருக்கிறார். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். அவர் ஓவர்டைம் முடிந்து வர நேரமாகும்.

நான் வல்லம் வடகாலில் ஒரு வயரிங் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். ஒரு காருக்குள் ஓடுகிற வயர்கள் எல்லாவற்றையும் சடை மாதிரி சேர்த்துக் கட்டி அனுப்புகிற கம்பெனி. ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு சின்னப் பின் இருக்கும். அதைக் கனெக்டருக்குள் தள்ளினால் 'டிக்' என்று சத்தம் வரவேண்டும். சத்தம் வராமல் பாதியில் நின்றால் அதற்கு எங்கள் லைனில் 'பாதி லாக்' என்று பெயர். இருப்பதிலேயே பொல்லாத குறை அதுதான். கண்ணுக்குத் தெரியாது, டெஸ்டிலும் பாஸாகிவிடும், ரோட்டில் போய்க் குலுங்கும்போது பின் விலகி வண்டி நின்றுவிடும். என் கையைத் தாண்டி ஒரு பாதி லாக் கூட வெளியே போனதில்லை. அதற்காகப் போன ஆயுதபூஜைக்கு என்னை மேடையில் ஏற்றிக் குக்கர் கொடுத்தார்கள்.

என் கணவர் ஒரகடத்தில் ஒரு மோல்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். எனக்குக் காலை ஏ ஷிஃப்ட் என்றால் அவருக்கு ராத்திரி சி ஷிஃப்ட். அவர் செருப்பைக் கழற்றும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். "மாவு ஃப்ரிட்ஜ்ல கீது", "கேஸ் வந்துச்சா". வாரம் முழுக்க எங்கள் பேச்சு இவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதைப் பற்றி இப்போது வேண்டாம். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. அதையும் இந்த வண்டி ஏற்றிக்கொண்டு போனது.

பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். விடியும்போதே ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் பக்கம் கூடுவார்கள். வேலூர் வரை விரட்டிக்கொண்டு போய், இட்லி தின்றுவிட்டு, ஒருவர் பானட்டை இன்னொருவர் திறந்து பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். வந்ததும் படுத்துவிடுவார். ஒருமுறை நானும் வருகிறேன் என்றேன். "நீ அங்க வந்து இன்னா பண்ணப் போற, போரடிக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை, சார். எலி செய்தது. ஏதோ ஒரு வயரைக் கடித்துவிட்டது, ஞாயிறு காலையில் வண்டி கிளம்பவில்லை. குழு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தனியாக முணுமுணுத்தார். பிறகு, "சசி, இந்த டார்ச்ச கொஞ்சம் புடி" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் சாப்பாட்டைத் தவிர வேறொன்றுக்கு அவர் என்னைக் கூப்பிட்டது அன்றுதான். இது டிஸ்ட்ரிப்யூட்டர், இது மெயின் ரிலே, இதுவழியாகத்தான் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டேன். அவர் கையெல்லாம் கிரீஸ், அதனால் மத்தியானம் நான்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டேன். கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்து, ரசம் சாதத்தை வாயில் வைத்துக்கொண்டே பேசினார். அவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் வண்டி நன்றாக ஓடியது, போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறு கிளம்பவில்லை.

எங்கள் கம்பெனியில் பின்னை வெளியே எடுப்பதற்கென்று ஊசி மாதிரி ஒரு கருவி உண்டு. கம்பெனிப் பொருளை வீட்டுக்கு எடுத்து வருவது தப்பு. அதனால் என் கொண்டை ஊசியை வளைத்து நானே ஒன்று செய்துகொண்டேன். சனிக்கிழமை அவர் குளிக்கப் போகும் நேரம் எனக்குப் போதும். ஒரு பின்னை ஒரு அரிசி அளவு வெளியே இழுத்துவிடுவேன், அவ்வளவுதான். எதையும் வெட்டியதில்லை, உடைத்ததில்லை. தொழில் தெரிந்தவள் அப்படிச் செய்யக்கூடாது. ஞாயிறு சாயங்காலம் அவர் கை கழுவப் போனதும் மறுபடி உள்ளே தள்ளிவிடுவேன். டிக். அவர் வந்து சாவியைத் திருப்புவார், உறுமிக்கொண்டு கிளம்பும். "நம்ம ரெண்டு பேரும் சரி பண்ணிட்டோம்டி" என்பார். நம்ம ரெண்டு பேரும் என்பார், சார்.

ஒவ்வொரு வாரமும் செய்யவில்லை. இரண்டு வாரம் விட்டுப் பிடிப்பேன். எலிப்பொறி வாங்கிவந்து தேங்காய்ச் சில்லு வைக்கச் சொன்னார். பொறியை வைத்தேன், சில்லு வைக்கவில்லை. எலி பேரில் பழி இருப்பது வசதியாக இருந்தது.

ஒருமுறை மட்டும் ஒரு சின்னப் பிசகு ஆனது. பின்னை உள்ளே தள்ளும்போது பக்கத்து வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டதாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் வண்டியிலேயே வேலைக்குப் போனார். ஒரகடம் ஜங்ஷனில் ஒரு கன்டெய்னர் லாரிக்கு முன்னால் இன்ஜின் அப்படியே அணைந்துவிட்டது. லாரிக்காரர் நல்லவர், பிரேக்கும் நல்ல பிரேக். வீட்டுக்கு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பெரும்பாலும்.

என் கையைத் தாண்டி ஒன்றும் போனதில்லை என்றேனே, இதை அதில் சேர்க்க வேண்டாம். இது கம்பெனி வேலை இல்லை.

அப்புறம் ராஜாமணி. பழைய ஜப்பான் வண்டி என்றால் இந்தப் பக்கம் எல்லோரும் அவர் ஷெட்டுக்குத்தான் போவார்கள். நீங்களும் போயிருப்பீர்கள். அவரும் என் கணவரும் ஐடிஐயில் ஒரே பெஞ்ச். இந்த இன்ஜினைப் பிரித்ததும் சேர்த்ததும் அவர் ஷெட்டில்தான். கோளாறு அடிக்கடி வந்ததும் ராஜாமணி டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினார், ரிலேயை மாற்றினார், புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்து இன்ஜின் கம்ப்யூட்டரைக்கூட மாற்றினார். பாவம், எல்லாம் நல்ல பார்ட். ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது, "டூப்ளிகேட் பார்ட்டுன்னா இப்படித்தான் அடிக்கடி போவுமாங்க?" என்று கேட்டேன். கேள்விதான் கேட்டேன், ராஜாமணி பேரைச் சொல்லவேயில்லை. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.

ராஜாமணி கெட்டிக்காரர், சும்மா சொல்லக்கூடாது. கனெக்டர்களின் இடுக்கில் வெள்ளைப் பெயிண்டால் சின்னச் சின்னப் புள்ளி வைத்துவிட்டுப் போனார். யாராவது கழற்றினால் புள்ளி உடையும். எங்கள் லைனிலும் அதே வழக்கம்தான், பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உடைந்த புள்ளிமேல் ஒயிட்னரைத் தொட்டு வைத்தேன். அவருடைய வெள்ளை கொஞ்சம் பழுப்பு ஏறிய வெள்ளை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தவர் நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். நான் பக்கத்திலேயே டார்ச்சோடு நிற்கிறேன்.

"மச்சி, தப்பா எடுத்துக்காத. இது தானா வர்ற கோளாறு இல்ல. யாரோ கை வெக்கறாங்க. வெளியாள் இல்ல, வூட்டாளு."

"இன்னாடா பேசற? வூட்ல அவ மட்டுந்தான் கீறா."

"அதான் சொல்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டம் போட்டு அழவில்லை, தானாக வந்தது. என் கணவர் ராஜாமணியின் சட்டையைப் பிடித்துவிட்டார். "என் பொண்டாட்டிக்கு பானட் எந்தப் பக்கம் தொறக்கும்னே தெரியாதுடா. நீ டூப்ளிகேட் பார்ட்ட மாட்டிட்டு அவ மேல பழி போடறியா?" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு வருடமாகப் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்திருக்கிறேன். பானட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடவா தெரியாது? ஆனால் அந்த நேரத்தில் அதைத் திருத்துவது முறையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அன்றே குழுவின் வாட்ஸ்அப்பில் ராஜாமணியைப் பற்றி எழுதிவிட்டார். டூப்ளிகேட் பார்ட் மாட்டுகிறவன், குடும்பப் பெண்ணைப் பழி சொல்கிறவன் என்று. வண்டிகள் ஒவ்வொன்றாக அவர் ஷெட்டைவிட்டுப் போய்விட்டன. தீபாவளிக்கு முன்னாலேயே ஷெட்டை மூடிவிட்டார். நான் வருத்தப்படாமல் இல்லை. நல்ல வேளையாக அவருக்கு எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே டிரைவர் வேலை கிடைத்தது. தினமும் காலையில் இந்தத் தெரு வளைவில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொள்கிறார். குட் மார்னிங் சொல்வேன். கண்ணாடியில் மட்டும் பார்ப்பார். ஆனால் குலுங்காமல் ஓட்டுவார், அதைச் சொல்லியே ஆகவேண்டும். போன வாரம் முறுக்கு கொடுத்தேன், வாங்கவில்லை.

ராஜாமணி போனதில் எனக்கும் நஷ்டம்தான். என் கணவருக்கு வண்டிமேல் இருந்த தைரியம் போய்விட்டது. நான் கையே வைக்காத வாரங்களில்கூட, எங்கே நின்றுவிடுமோ என்று எடுக்கமாட்டார். ஒரு சனிக்கிழமை என் கொண்டை ஊசி வண்டிக்குள் தவறி விழுந்துவிட்டது. தேடிப் பார்த்தால் சமையல்கட்டு மேடைமேல் இருக்கிறது, வளைந்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி. அவர்தான் எடுத்து வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. அந்த வாரம்தான் வண்டியை விற்க விளம்பரம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்ததும் அப்போதுதான். ஏன் என்று கேட்டதற்கு, "வூட்ல இருந்து இன்னா பண்றது" என்றார்.

ஆக, வண்டியில் ஒன்றுமில்லை, சார். கோளாறு என்று நீங்கள் கேட்டது என்னைத்தான்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் இதை வாங்கக்கூடாது. இது இங்கே நிற்கிறவரைக்கும் என்றைக்காவது ஒரு ஞாயிறு அவர் மனசு மாறி பானட்டைத் திறப்பார். இதுவும் போய்விட்டால் எங்களுக்குள் பேசுவதற்கு மாவும் கேஸும்தான் இருக்கும். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. விலை ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னதை அவரிடம் சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ராஜாமணியும் சொன்னார். எங்கள் கம்பெனியில் இன்னும் ஒரு பஸ் ரூட்டுக்கு டிரைவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் எங்கள் வண்டியின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தபோது, கை துடைக்கத் துணி எடுத்து வருகிறேன் என்று வாசலுக்குப் போனேனே, துணிக்காகப் போகவில்லை. நீங்கள் பழைய லான்சர் காரில் வருவீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த லான்சர் எங்கள் வாசலில் கிளம்பாமல் நின்றால் மனுஷன் யூனிஃபார்மைக்கூட மாற்றமாட்டார், அப்படியே குனிந்துவிடுவார். ஒரே நாளில் சரியாகாது, நீங்கள் அடுத்த ஞாயிறும் வருவீர்கள். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். இதுவரை அடுத்தவர் வண்டியில் நான் கை வைத்ததில்லை, இந்த ஒரு தடவைதான் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாசலில் உங்கள் வண்டியைக் காணோம்.

டீக்கடையில் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் நடந்தா வந்தீர்கள், இந்த வெயிலில்? அவரே போனில் சொன்னாரா? "எங்க வூட்டு வாசல்ல மட்டும் வண்டிய வுடாதீங்க சார், டீக்கடையாண்ட நிறுத்திட்டு ஒரு ஆள பாத்துக்கச் சொல்லிட்டு வாங்க" என்றா? அவர் எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வாசலில் லாரியே நிறுத்தலாம், வேப்பமர நிழல் வேறு இருக்கிறது.

பரவாயில்லை. நீங்கள் காபியை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். டீக்கடை வரைக்கும் நானும் கூட வருகிறேன், பால் வாங்க வேண்டும்.