காகத்துக்கான முதல் கரண்டி

எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு முதலில் நாய்க்குத்தான். ஐந்தரைக்கு நான் எழும்புவேன். எனக்கு முன்பே எழும்பி, கிணற்றடியில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பான் சோளன். வறுத்த சோளத்தின் நிறம் என்பதால் மகள் வைத்த பெயர் அது. ஒரு மனிதனை நாள்தோறும் அவ்வளவு சந்தோசமாக எதிர்பார்க்கும் உயிர் அந்த வீட்டில் வேறு இருக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. நான் அவனை வெறுத்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் வினாயகமூர்த்தி. ஆரையம்பதியில் வாவிப் பக்கம் வீடு. வவுணதீவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலம் முழுவதும் நான் ஒருவருக்கும் ஒரு துளி கூடுதலாகக் கொடுத்ததில்லை. அளவு விஷயத்தில் நான் கவனமானவன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, கம்சாயினி. கல்யாணம் முடித்து சுவிஸுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. மற்றவர்களுடைய அப்பாக்களுக்குக் கரண்டியால் கஞ்சி பருக்குகிறாள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல வேலை. போகும்போது நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். விமான நிலையத்தில் அவள் கடைசியாகச் சொன்னது, "அப்பா, சோளன பாத்துக்குங்க" என்பதுதான்.

பச்சை இறைச்சிச் சாப்பாடு அவளுடைய யோசனை. அங்கே எல்லோரும் நாய்க்கு அவிக்காமல்தான் கொடுக்கிறார்களாம்.

"சோறும் ஆணமும் வேணாம் அப்பா. அது நாய்ர சாப்பாடு இல்ல" என்று வீடியோவில் சொன்னாள்.

"இஞ்ச மனிசருக்கே சோறும் ஆணமும்தான் மகள்" என்றேன்.

"பகிடி விடாதீங்க. பச்சயா குடுங்க. நான் சத்து மருந்து அனுப்புறன். வெறும் இறைச்சில எல்லாச் சத்தும் இல்லயாம்."

என் மனைவி கேதீஸ்வரியின் அடுப்படிக்குள் பச்சை இறைச்சி வரக்கூடாது. அதனால் கிணற்றடியில் தனியாக ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு எனாமல் கோப்பை வைத்து நாயின் சாப்பாடு என் வேலையாயிற்று. கோழிக் கழுத்து, ஈரல், ஒரு முட்டை. மீன் குஞ்சித்தம்பியின் சைக்கிளில் வரும். தோணியில் வலை போட்டு வந்து, விற்றது போக மிஞ்சிய மணலைக் குஞ்சுகளை அவன் எனக்கென்று எடுத்து வைப்பான்.

"ஐயா, அடுத்த பிறப்பில நான் உங்கட ஊட்டு நாயாப் பொறந்தாக் காணும்" என்று ஒவ்வொரு நாளும் அதே பகிடியைச் சொல்லுவான். அவன் இப்போது அதைச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன்.

சுவிஸிலிருந்து பார்சல் வந்தது. மீனெண்ணெய், எலும்புத் தூள், பச்சை நிறத்தில் கடற்பாசித் தூள். அவற்றோடு மூன்று சின்னப் போத்தல்கள். விற்றமினை எண்ணெயில் கரைத்த துளி மருந்து. ஒரு நாளைக்கு இத்தனை துளி என்று மகள் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். அவளுடைய கையெழுத்தைக் கண்டு நெடுநாள் ஆகியிருந்தது. நான் அந்தத் துண்டைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். நேற்று உங்கள் ஆட்கள் அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்த பிறகு அதைத் திருப்பித் தர முடியுமா என்று பாருங்கள்.

முதல் தடவை நடந்தது தவறுதான். அதை நீங்கள் நம்ப வேண்டும். துளிக் குழாயின் றப்பர் பழுதாகி, மருந்து கொட்டிவிட்டது. நல்ல சத்துத்தானே என்று அப்படியே பிசைந்து கொடுத்தேன். அடுத்த நாள் சோளன் சாப்பிடவில்லை. வாந்தி எடுத்தான். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான். மகளுக்குச் சொன்னேன். பத்து நாளைக்கு ஒருமுறை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்துகொண்டு கதைக்கும் பிள்ளை, அன்றைக்கு நான்கு தடவை போன் எடுத்தாள். கடைசித் தடவை அவளும் நானும் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். நாயைப் பற்றி மட்டும் இல்லை. அங்கே பனி கொட்டுவது பற்றி, அவளுடைய இல்லத்தில் கண் தெரியாத ஒரு கிழவர் அவளை மகள் என்று நினைத்துக்கொண்டு கையை விடாமல் பிடித்திருப்பது பற்றி.

சோளன் நான்கு நாளில் தேறினான். அழைப்புகளும் குறைந்தன.

நான் அன்றைக்கே எதையும் தீர்மானிக்கவில்லை. மருந்தோடு பழகியவன் ஒன்றைக் கவனிப்பான்: எதைக் கொடுத்தால் எது நடக்கிறது. அவ்வளவுதான்.

அதன் பிறகு சோளனுக்கு அடிக்கடி சுகமில்லாமல் வந்தது. காத்தான்குடியிலிருந்து வரும் மிருக வைத்தியர் றுமைஸாவை மகளே தொலைபேசியில் ஒழுங்கு செய்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. குனிந்து நாயின் வாயைத் திறந்து பல் முரசைப் பார்த்தபடியே கேட்பார், "ஐயா, இவருக்கு வேற என்னமும் குடுக்கீங்களா?"

"மகள் எழுதின அளவுதான் டொக்டர்."

"நீங்க மருந்து தெரிஞ்ச ஆள். அதான் கேட்டன்."

அவர் அதைப் புகழ்ந்து சொன்னதாகத்தான் நான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

ஆவணியில் சோளன் எழும்ப முடியாமல் கிடந்தான். கம்சாயினி லீவு போட்டு வந்தாள். பத்து நாள். விறாந்தையில் பாய் போட்டு நாயை மடியில் கிடத்திக்கொண்டு இருப்பாள். நான் பக்கத்தில் கதிரையில் இருப்பேன். கேதீஸ்வரி இறால் பொரித்துத் தட்டில் கொண்டு வருவாள். "அப்பா, நீங்க இல்லாட்டி இவன் எப்பவோ செத்திருப்பான்" என்று மகள் சொன்னாள். எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பத்து நாளும் நான் துளி மருந்தைத் தொடவில்லை. அவன் அவளுக்கு முன்னால் எழும்பி நடந்தான். அவனுக்கும் அது சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம். இதில் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவள் போனாள். மறுபடி பத்து நாளுக்கு ஒருமுறை, பஸ்ஸில்.

மாசியில் அவன் செத்தான். சிறுநீரகம் என்று றுமைஸா சொன்னார். என் கணக்கு அங்கே கொஞ்சம் பிசகியது. அந்த மருந்து சிறுநீரோடு போகாது. உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும். எனக்கு இது தெரியும். ஆனால் நாயின் நிறைக்கு நான் பழக்கமில்லாதவன். வாவியோரத் தென்னையடியில் அவனைப் புதைக்க நானே கிடங்கு வெட்டினேன். கம்சாயினி வீடியோவில் பார்த்து, போனின் சார்ஜ் முடியும் வரை அழுதாள். வருவாள் என்று நினைத்தேன். செத்த நாய்க்கு யார் லீவு கொடுப்பார்கள்.

பிறகு இருபத்தாறு நாள் அழைப்பே இல்லை. ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. சோளனின் படத்தைப் பார்த்தால் தாங்க முடியவில்லையாம், அதனால் வீட்டுக்குப் போன் எடுக்க மனம் வரவில்லையாம்.

விடிய ஐந்தரைக்கு எழும்பி என்ன செய்வதென்று தெரியாமல் கிணற்றடியில் நின்றிருக்கிறீர்களா? கை ஒரு வேலைக்குப் பழகிவிட்டால் அது சும்மா இருக்காது. கேதீஸ்வரிக்குப் பிரசர் இருந்தது. அவளுக்கு இலைக்கஞ்சி வைக்கத் தொடங்கினேன். வல்லாரை, முல்லை, முடக்கொத்தான் அரைத்து, தேங்காய்ப் பால் விட்டு. பக்கத்து வீட்டு வசந்தாதேவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கேதீஸ்வரி அக்கா, உங்கட மனிசன் தங்கம் கா. என்ட ஆள் ஒரு தேத்தண்ணி ஊத்தித் தந்ததில்ல" என்றாள்.

"தங்கம்தான். அடகு வைக்கத்தான் ஏலாது" என்றாள் கேதீஸ்வரி. அன்றைக்கு மூவரும் சிரித்தோம்.

அலுமாரியில் இரண்டாவது போத்தலில் அரைவாசி மிஞ்சியிருந்தது. சத்து மருந்து. வீணாகக் கூடாது.

கேதீஸ்வரிக்குப் பசி குறைந்தது. தாகம் கூடியது. கால் உளைந்தது. மகளுக்குச் சொன்னேன். அன்றைக்கே எடுத்தாள். அடுத்த நாளும் எடுத்தாள். "அம்மாவ காட்டுங்க, அம்மாவ காட்டுங்க" என்பாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு கேதீஸ்வரியின் கட்டிலில் இருப்பேன். திரையில் மூன்று முகம் தெரியும்.

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். அதைக் காட்டிக்கொடுத்தது கேதீஸ்வரியின் அப்பா.

அவர் செத்துப் பதினாறு வருடம். அன்றிலிருந்து அவள் எதைக் குடித்தாலும் சாப்பிட்டாலும் வாய் வைக்க முன்பு ஒரு கரண்டி எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்து, "கா கா" என்று கூப்பிடுவாள். காகம் வந்து தின்ற பிறகுதான் அவள் வாய் வைப்பாள். முப்பது வருடம் கூட இருந்து பார்த்த எனக்கு அது கண்ணில் படாமலே போய்விட்டது. தினமும் நடக்கிற ஒன்றை மனிதன் பார்ப்பதில்லை. நான் ஒரு வாய்க்கு அளந்தேன். அந்த வீட்டில் இரண்டு வாய் இருந்தது.

எண்ணெயில் கரைத்த மருந்து கஞ்சியோடு கலக்காது. மேலே மிதக்கும். இருபத்தெட்டு வருடம் மருந்து கலந்தவன் இதை மறந்திருக்கக் கூடாது. அவள் மேலாக அள்ளிய முதல் கரண்டியில்தான் பெரும் பங்கு போயிருக்கிறது. அதனால்தான் அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று றுமைஸா உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

ஒருநாள் விடிய அவள் கிணற்றுக்கட்டருகே நின்றபடி சொன்னாள், "இஞ்ச பாருங்க, மூணு நாளா காகம் ஒண்டும் வரல்ல."

"மழைக்கு எங்கயும் போயிரிக்கும்."

"மழ எங்க பெய்யுது?"

நான் வானத்தைப் பார்த்தேன். பங்குனி வெயில்.

"அப்பா என்னோட கோவம் போல" என்றாள். பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினாள். "நீங்களும் ஒரு வாய் குடிங்களன்."

"எனக்குச் சீனி வருத்தம் தெரியும்தானே."

"இலைக்கஞ்சில எங்க சீனி?"

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பெண் பார்க்கப் போன நாளில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு, "மறுகா குடிக்கிறன்" என்று கோப்பையை உள்ளே கொண்டு போனாள்.

அன்றிலிருந்து நான் கொடுத்ததை அவள் வாங்கினாள், கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது, ஆனால் அவள் குடித்ததை நான் காணவில்லை. அலுமாரிப் பூட்டின் திறப்பை நான் வைத்த இடத்தில் வைத்தபடி கண்டேன், ஆனால் அதன் கயிறு மற்றப் பக்கம் திரும்பியிருந்தது. முருங்கையடியில் ஒரு காகம் செத்துக் கிடந்ததை முதல் நாள் கண்டிருந்தேன், புதைக்க நினைத்துப் போனபோது அங்கே காகம் இல்லை. ஒருவரையொருவர் விசாரிக்காமல், ஒருவருக்கொருவர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு ஐந்து நாள் இருந்தோம். அவள் ஊற்றித் தந்ததை நான் குடித்தேன். அவள் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது.

பத்திரிகைத் தாளில் சுற்றிய காகத்தையும் ஜாம் போத்தலில் ஊற்றிய கஞ்சியையும் எடுத்துக்கொண்டு அவள் காத்தான்குடிக்கு, மிருக வைத்தியரிடம் போயிருக்கிறாள். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று நீங்கள் அவளிடம் கேட்டீர்களாம். அவள் கெட்டிக்காரி. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என் சிநேகிதர்கள். நான் மனைவிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் கதையை அங்கே எல்லோரும் அறிவார்கள். றுமைஸாவின் மேசையில்தான் அவளுக்கு மயக்கம் வந்தது.

ஓம். நாய்க்கும் நான்தான் கொடுத்தேன். கேதீஸ்வரிக்கும் நான்தான் கொடுத்தேன். எதையும் மறுக்கவில்லை. கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கொல்ல நினைத்திருந்தால் முதல் நாளே முடித்திருப்பேன். அளவு தெரிந்தவன் நான். சுகமில்லாமல், வருத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. மகள் வந்து பார்க்கும் அளவுக்கு.

கம்சாயினி நேற்று வந்திறங்கிவிட்டாள் என்று சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் தாயின் கட்டிலடியில் இருக்கிறாளாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னாளாம். பயணக் களைப்பில் பிள்ளைகள் அப்படித்தான் கதைப்பார்கள். நித்திரை இல்லாமல் மெலிந்து போயிருப்பாள், இருபத்தி நான்காம் திகதி திரும்பிப் போக ரிக்கற் போட்டிருக்கிறாளாம்.

தம்பி, எனக்காக ஒரு சின்ன உதவி. அலுமாரியின் கீழ்த்தட்டில், துணிக்குப் பின்னால், உங்கள் ஆட்கள் மூன்றாவது போத்தலைக் காணவில்லை. அது இன்னும் உடைக்காதது. என்னை ஒரு காலைக்கு மட்டும் வீட்டுக்கு விட்டால் போதும். பிள்ளைக்கு நான் கையால் கொஞ்சம் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும். இந்த முறை நன்றாகக் கலக்குவேன்.