சரசு பார்க்காத சதங்கள்

— வேற எவனாச்சும் தணிகைவேலா இருப்பான் சரசு.

— ஆமா, இந்தியா டீமுல தெருவுக்கு ஒரு தணிகைவேல் ஆடறான்! டிவில ஓடறத நல்லா படிங்க. உங்க புள்ளதான். போட்டோ வேற போட்டுகிறான்.

— ஓய்வுன்னா... ரெஸ்டா இருக்கும். ஒரு மேட்ச் ரெஸ்ட் கேட்டிருப்பான்.

— "சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு"ன்னு ஓடுது. இதுக்கு மேல இன்னா எழுதணும்? நம்ம முடிச்சூர் வூட்டு அட்ரஸா?

— முப்பத்தி மூணு வயசு! எனக்கே ரயில்வேல அறுபது வரைக்கும் வேல குடுத்தாங்க. நான் இன்னா பண்ணேன்? ஃபேன கழட்டி மாட்டினேன். இவன் நாட்டுக்கு ஆடறவன்... அய்யோ, நெஞ்சு படபடங்குது.

— மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— தண்ணி வேணாம். என் போன எடு. சாயங்காலம் வரைக்கும் யோசிச்சு சொல்லுன்னு கிரிக்கெட் போர்டுல சொல்லிகிறாங்களாம், அதோ போடறான் பாரு. இன்னும் டைம் கீது. நான் சொன்னா மாத்திக்குவான்.

— மாத்திக்குவானா?

— நா யாரு? இங்க மனை பிரிச்சு கல்லு நட்டாங்களே, அந்த காலி எடத்துல அவனுக்கு மொத பந்து போட்டவன் நானு.

— அது வைடு. பந்து கிணத்துல வுழுந்துச்சு. புள்ள அழுதான்.

— வைடு இல்ல... ஸ்விங்கு. தெரியாதத பேசாத. கருக்கல்ல எழுந்து, தாம்பரத்துல ட்ரெயின் ஏறி, அவன் கிட் பேக்க தோள்ல போட்டுகினு சேப்பாக்கம் வரைக்கும் எத்தினி வருஷம் போனேன்? உள்ள இன்னா பொணமான்னு கேட்டான் ஒருத்தன்.

— ஆமா, தூக்கினீங்க.

— வெள்ளம் வந்தப்போ? பீரோ போச்சு, உன் முகூர்த்தப் புடவ போச்சு. அவன் பேட்ட மட்டும் தலமேல தூக்கிகினு மாடி ஏறினவன் நானு!

— என்ன கீழயே வுட்டுட்டு.

— நீ பின்னாடி வந்துகினு இருந்தன்னு நெனச்சேன்!

— கழுத்தளவு தண்ணில.

— அத இன்னும் சொல்லிகினே இரு... இங்க புள்ள எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டான். உனக்கு புரியுதா இல்லியா? இனிமே அவன் ஆடமாட்டான். நீ ஒரு தடவகூட பாக்கலியேடி!

— என்ன யாரு பாக்க வுட்டது? அவன் ஆட இறங்கினாலே என்ன மாடிக்கு, செல்லியம்மாள் வூட்டுக்கு தொரத்திடுவீங்க.

— பின்ன? அவன் மொத மேட்ச்சுல நீ வந்து டிவி முன்னாடி குந்தின. மொத பந்துலயே ஸ்டம்பு பறந்துச்சு. அன்னிலேந்து உன்ன மேல அனுப்பினேன். அப்பால பாரு, இங்கிலாந்துல சதம், இலங்கையில சதம், கேப்டன் பதவி! எல்லாம் உன் தியாகம். பேப்பர்காரனாண்ட கூட சொன்னேன்ல?

— சொன்னீங்க. "என் மனைவிக்கு ராசி இல்ல"ன்னு கொட்ட எழுத்துல போட்டான். கீழ்க்கட்டளையிலேந்து எங்க அண்ணன் போன் பண்ணி சண்ட போட்டாரு.

— அது அவன் சுருக்கி எழுதிட்டான்...

— சரி, அத வுடுங்க. போனு உங்க கையிலதான் கீது. இவ்ளோ நேரமா கத்தறீங்க, ஏன் இன்னும் அடிக்கல?

— அடிக்கறேன்... சிக்னல் இல்ல.

— நாலு கோடு காட்டுது.

— நீ இன்னா, கொஞ்சம்கூட அதிர்ச்சி ஆவல? குந்திகினு முருங்கக்கா நறுக்கற! புள்ள பொழப்பு போவுது சரசு!

— பொழப்பு போனா வேற பொழப்பு. தல போனா?

— தலையா?

— ...பேச்சுக்கு சொன்னேன்.

— பேச்சுக்குன்னா கையி காலும்பாங்க. நீ தலன்னு சொன்ன. யார் சொன்னது உனக்கு? மருமவளா?

— ஸஹானாவ இழுக்காதீங்க. ஒருத்தரும் சொல்லல. பாத்தேன்.

— எத?

— ஆஸ்திரேலியாவுல. பந்து எகிறி வந்து ஹெல்மெட்டுல, காதுக்கு மேல... தேங்கா ஒடச்ச மாதிரி சத்தம். வுழுந்தான். எழுந்து சிரிச்சான். எல்லாரும் கை தட்டினாங்க. அப்போ அவன் குனிஞ்சு எதையோ தேடினான். பேட்ட தேடறான். பேட்டு அவன் கையிலயே கீது... அதப் போய் தேடறான்.

— ...அன்னிக்கு நீ செல்லியம்மாள் வூட்டுல பூ கட்டிகினு இல்ல இருந்த?

— செல்லியம்மாள் வூட்டுல டிவி இல்லன்னு யார் உங்களுக்கு சொன்னது?

— அய்யய்யோ! அப்போ... மத்த மேட்ச்சு?

— எல்லாந்தான்.

— இங்கிலாந்து சதம்?

— ஒரு பந்து வுடாம பாத்தேன்.

— இலங்கை?

— அதுல ரெண்டு கேட்ச் வுட்டாங்க. நீங்க அத எனக்கு சொல்லவே இல்ல.

— இரு... சொவத்த புடிச்சிக்கறேன். ராத்திரி கீழ வந்து, "இன்னிக்கு எத்தினி அடிச்சான்"னு ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேப்பியே!

— நீங்க சொல்ற அழகுக்குதான் கேட்டேன். தொடப்பத்த பேட்டு மாதிரி புடிச்சிகினு ஆடியே காட்டுவீங்க. தணிகையவிட நல்லா இருக்கும்.

— கிண்டல் பண்ணாதடி. ஊர் பூரா சொல்லி வெச்சிகீறேன்...

— அடி பட்ட அன்னிக்கு மட்டும் நீங்க ஆடிக் காட்டல. "மழ பேஞ்சிடுச்சு, மேட்ச்சு இல்ல"ன்னீங்க. ரசத்துல உப்பு போட மறந்துட்டேன். ஒரு வார்த்த சொல்லாம சாப்ட்டு எழுந்தீங்க.

— நீ பயந்துடுவன்னு...

— பந்து பட்டப்போகூட அவ்ளோ பயப்படல. உங்க மொகத்த பாத்ததும்தான் கையி காலு ஓடல.

— இத்தினி மாசமா எல்லாம் தெரிஞ்சுகினு வாயே தொறக்கலியே!

— தொறந்தேன். உங்களாண்ட இல்ல.

— பின்ன?

— அவனாண்ட. பொங்கலன்னிக்கு காலைல, துணி காயப்போட வாடான்னு மொட்டமாடிக்கு கூப்ட்டேன். "எல்லாம் பாத்தேன்டா, நீ சிரிச்சது எனக்கு புடிக்கல, போதும்"னேன். தலவலி இன்னும் கீதுன்னான். டாக்டர் இன்னொரு அடி தாங்காதுன்னு சொன்னதா சொன்னான். "அப்பா ஒடஞ்சிடுவாரும்மா"ன்னான். அப்பாவ நான் பாத்துக்கறேன், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதன்னேன்.

— நீயா சொன்ன?

— ஆமா. இப்போ திட்டுங்க. ஆனா அந்த போன மட்டும் அடிக்காதீங்க. நீங்க சொன்னா மாத்திக்குவான். அதுதான் எனக்கு பயம். வேணும்னா உங்க கால்ல வுழறேன்...

— ஏய்... எழுந்திரு. இன்னாது இது.

— இன்னாங்க கண்ணு கலங்குது? நெஞ்சு வலிக்குதா?

— இல்ல சரசு. அந்த பொங்கலன்னிக்கு சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு பழம் வாங்க அவன என் ஸ்கூட்டர்ல கூட்டிகினு போனேன்ல?

— ஆமா. பழமே வாங்காம வந்தீங்க.

— எங்க வாங்கறது? ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டு அழுதுட்டேன். "வுட்டுடுடா தணிகா, எனக்கு உன் தல போதும்"னேன்.

— அடப்பாவி மனுஷா! அப்போ இவ்ளோ நேரம் குதிச்சது? போன எடுன்னது?

— சொன்னவன் நான்தான். ஆனா டிவில பாத்ததும் நெஞ்சு அடிச்சுகிச்சு பாரு, அது நெசம். அதுக்கப்புறம் நான் சும்மா குந்தினா, ஏன் வுட்டான்னு நீ கேப்ப... அடி பட்டத சொல்லணும். அதான் குதிச்சேன். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்டா, பாவம்டா, அவ நீ ஆடி ஒரு பந்துகூட பாத்ததில்ல"ன்னு அவனாண்ட அழுதுகினே சொன்னேன் சரசு. அதுக்கு அந்தப் பய வண்டி ஆடற அளவுக்கு சிரிச்சான்... ஏன் சிரிச்சான்னு இப்போதான் புரியுது.