விளையாட்டுப் பெட்டிக்குள் எட்டாவது முகம்

ஆலைப் புகையும் அச்சுவெல்ல வாசமும் கலந்து வீசும் இந்த மாலையில், மூங்கில்துறைப்பட்டு வாசகர் வட்டத்தின் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கும், எனக்கு எழுத்தும் கொடுத்து என்னை பெஞ்சுமேலும் ஏற்றிய, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பச்சையம்மாள் அம்மையார் அவர்களே! கரும்பு வண்டியோடு ஆலை வாசலில் காத்துக் காத்தே பொறுமையின் பொருளைக் கண்டுபிடித்த பெரியவர் கந்தசாமி ஐயா அவர்களே! மீசை முன்னால் வர, ஆள் பின்னால் வரும் என் தாய்மாமன் பாவாடை அவர்களே! பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, வியர்வை காயுமுன்னே இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கல்வராயன் மலையின் கரியாலூரிலிருந்து கடைசிப் பேருந்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே கேட்கும் உறவுகளே! உங்கள் அத்தனை பேரின் கால்தூசுக்கும் இந்தத் தமிழழகனின் தலைதாழ்ந்த வணக்கம்!

என்ன, அங்கே யாரோ கேட்கிறீர்கள்? மேடையில் ஒரு நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்றா? நல்ல கண் உங்களுக்கு. கொஞ்சம் பொறுங்கள், அதற்காகத்தானே நான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்!

என்னை உங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் ஃபிளக்ஸ் கடை வைத்திருப்பவன். காதுகுத்தா, கல்யாணமா, கருமாதியா, உங்கள் முகத்தைச் சிவப்பாக்கிச் சிரிக்கவைத்துத் தெருமுனையில் நிறுத்துபவன் நான். ஆனால் என் மனைவி எழில்மதி என்ன வேலை செய்கிறாள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பொம்மைப் படம் போடுகிறாள் என்பீர்கள். இல்லை ஐயா, இல்லை! இன்னும் பிறக்காத பொம்மையைப் பிறந்துவிட்டதுபோல வரைகிறாள். எவரும் ஆடாத விளையாட்டைப் பிள்ளைகள் ஆடிக் களிப்பதுபோல வரைகிறாள். அந்தப் படத்தைப் பொம்மை செய்யும் நிறுவனத்தாரிடம் நீட்டி, "இதைச் செய்யுங்கள்" என்று கேட்கிறாள். படம் பிடித்தால் பொம்மை பிறக்கும். பிடிக்காவிட்டால் படம் பீரோவுக்குள் போகும்.

எங்கள் வீட்டு பீரோவில் துணி வைக்க இடம் இல்லாமல் போன கதை அதுதான். நான்கு ஆண்டுகள்! ஏழு விளையாட்டுகள்! ஏழும் திரும்பி வந்தன. எட்டாவதாக அவள் வரைந்ததுதான் கரும்பு வண்டி விளையாட்டு. மேலே கல்வராயன் மலை, கீழே நம் ஆலை, நடுவிலே வளைந்து வளைந்து ஒரு பாதை. பகடையை உருட்டி வண்டியை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் டயர் பஞ்சர் ஆனால் ஒரு ஆட்டம் சும்மா இருக்க வேண்டும். பிள்ளைகள் பின்னாலிருந்து ஒரு கரும்பு உருவினால், பார்க்காததுபோல இருக்கும் டிரைவருக்கு இரண்டு கட்டம் பரிசு! (அப்படிக் கை தட்டாதே சரத்குமார், உன் டிராக்டரைப் பார்த்துத்தான் வரைந்தாள்.)

இந்த முறை சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. நேரில் வந்து காட்டுங்கள், பதினைந்து நிமிடம் தருகிறோம் என்றார்கள். அன்று அவள் என்னிடம் சொன்னாள்: "இதுதாங்க கடைசி. இதுவும் வேணான்னுட்டா, பென்சில வச்சிட்டு நம்ம கடையிலயே குந்திக்கினு கல்யாண பேனர் அடிக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பென் டிரைவை என் கையில் கொடுத்தாள். "பெருசா ஒரு பிரிண்டு போட்டுக் குடுங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க, தயவு செஞ்சி" என்றாள். தொடாமல் இருந்தேனா? நானா? இந்தக் கையா?

படத்தைத் திரையில் பார்த்தேன். அழகு! ஆனால் அடியிலே வெறும் வெள்ளை ஓரம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அடியிலே முகங்கள் இல்லாத ஒரு பேனரை நம் மாவட்டத்தில் யாராவது பார்த்ததுண்டா? பட்டணத்துப் பெரிய மனிதர்கள், இந்தப் பெண்ணுக்கு நாதியே இல்லை என்று நினைத்துவிட மாட்டார்களா? எனவே, அன்பின் மிகுதியால், அறிவின் பற்றாக்குறையால், வட்டம் வட்டமாக இருபத்து நான்கு முகங்களை வைத்தேன். கூலிங் கிளாஸோடு பாவாடை மாமா! காதில் செல்போனோடு கந்தசாமி ஐயா! முறைத்தபடி என் அத்தை இருசம்மாள்! மூலையில், எல்லோரையும்விட இரண்டு மடங்கு பெரிதாக, கும்பிட்ட கையோடு, "இவண்: அன்புக் கணவர் தமிழழகன்"!

சிரியுங்கள், சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

சுருட்டி, ஒட்டி, குழாயில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். உளுந்தூர்பேட்டையில் பேருந்து மாறிச் சென்னை போய்ச் சேர்ந்தோம். அவள் அறைக்குள் போனாள். நான் வெளியே சோபாவில் அமர்ந்தேன். நடுவிலே கண்ணாடிச் சுவர். உள்ளே அதிகாரிகள் மூவர், விளையாடிப் பார்ப்பதற்காக அழைத்து வந்த குழந்தைகள் நால்வர். எழில்மதி சுருளை விரித்தாள். மலை வந்தது, பாதை வந்தது, ஆலை வந்தது. அப்புறம், ஐயா, பாவாடை மாமா வந்தார்!

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. நான்கு வருட உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் குழந்தைகள் யாரையும் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார்கள். தேவதர்ஷினி என்று ஏழு வயதுப் பெண், நேராகப் போய்ப் பாவாடை மாமா மூக்கின்மேல் விரலை வைத்து, "நான் இந்த மீசை மாமா! இவர்தான் என் வண்டி ஓட்டணும்!" என்றாள். இன்னொருத்தன் ஓடிவந்து, "எனக்கு போன் தாத்தா!" என்றான். ஒரு குழந்தை என் அத்தையைக் கேட்டு அழவே தொடங்கிவிட்டது. அத்தை இருசம்மாளுக்காக அழுத முதல் ஜீவன் அதுவாகத்தான் இருக்கும்!

எழில்மதி என்ன செய்தாள்? தவறு நடந்துவிட்டது என்று மன்னிப்பு கேட்டாளா? கேட்கவில்லை! கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். ஒரு தாளை எடுத்தாள். மீசையும் கண்ணாடியுமாக மாமாவை வண்டிமேல் ஏற்றினாள். போன் பேசிக்கொண்டே மாட்டை விரட்டும் கந்தசாமி ஐயாவை வரைந்தாள். என் போட்டோவில் வெறும் முகமாக இருந்தவர்கள், அவள் கோட்டில் மனிதர்களாக எழுந்து நின்றார்கள். பதினைந்து நிமிடம் கொடுத்தவர்கள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை!

நடுவில் ஒரு அதிகாரி கதவைத் திறந்து, "இதுல பெருசா இருக்கறவர் நீங்கதானே? உள்ள வாங்க" என்றார். போனேன், காலர் நனைந்துபோய். அப்போதுதான் அந்தச் சின்னப் பெண் கேட்டாள்: "இத்தனை பேர்ல நீங்க எங்க ஆன்ட்டி?"

எழில்மதி குனிந்து தேடினாள். ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துத் தேடினாள். நானும் தேடினேன். இருபத்து நான்கு முகங்கள். என் நண்பன் இருக்கிறான், என் நண்பனின் மச்சான் இருக்கிறான். படம் போட்டவள் இல்லை. மறந்துவிட்டேன் ஐயா. வேண்டுமென்று விடவில்லை, நினைவே வரவில்லை. அது அதைவிடக் கேவலம் இல்லையா?

அவள் சிரித்தாள். "நான் வெளிய நின்னு வரைஞ்சிக்கினு இருந்தேன் கண்ணு" என்றாள்.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் பரோட்டா கடையில் உட்கார்ந்து, "என்னைய மன்னிச்சிடு எழிலு" என்றேன். "பரவால்ல வுடுங்க" என்றாள்.

பரவாயில்லை! ஆண்மக்களே, இந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? சோறு தீர்ந்துபோன சட்டியைப் பார்த்துப் பரவாயில்லை. அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனால் பரவாயில்லை. குடும்பப் படத்தில் இடம் இல்லையா, நான் எடுக்கிறேன், நீங்கள் நில்லுங்கள், பரவாயில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு எத்தனை கைகள் நம்மை வரைந்துகொண்டிருக்கின்றன! உங்கள் வீட்டுப் படத்தில் யார் முகம் இல்லை? இன்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நாளைக்கு என் கடைக்கு வாருங்கள், சேர்த்துத் தருகிறேன்!

நிறுவனத்தார் ஏற்றுக்கொண்டார்கள், விளையாட்டு வந்துவிட்டது. இதோ, பெட்டி! உள்ளே எட்டு காய்கள். ஏழில் நம் ஊர் முகங்கள். எட்டாவதாக ஆன்ட்டி முகம்தான் வேண்டும் என்று அன்றைக்கே குழந்தைகள் அடம்பிடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எழில்மதி என்னிடம் தாளை நீட்டினாள். "போடாம வுட்டது நீங்க. நீங்களே போடுங்க" என்றாள்.

வெட்டி ஒட்டத் தெரிந்த கை ஐயா இது, வரையத் தெரிந்த கை இல்லை. நாற்பது தாள் கிழித்தேன். நாற்பத்தோராவது தாளில் ஒரு கொண்டை, கொண்டையில் பென்சில், கீழே ஒரு முகம். பயந்துகொண்டே நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூக்கு கோணலா கீது" என்றாள். திருத்தித் தா என்றேன். "வேணா, இப்டியே இருக்கட்டும்" என்று ஒரு கோடுகூட மாற்றாமல் அனுப்பிவிட்டாள். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

இப்போது அந்த நாற்காலி. விழா நாயகி எங்கே என்று பாருங்கள்! தாய்மார்கள் பக்கம், மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள். மேலே வா என்று காலையிலிருந்து சொல்கிறேன், கேட்கவில்லை. எழில்மதி, வாம்மா. தலையாட்டாதே! என்ன சொல்கிறாள்? பரவாயில்லையா? இல்லை, இன்று அந்தச் சொல் செல்லாது! தலைமையாசிரியை அம்மாவே எழுந்து நிற்கிறார், பார். நீ வந்து உட்காரும்வரை நான் நன்றியும் சொல்லப்போவதில்லை, வணக்கமும் சொல்லப்போவதில்லை. கடைசிப் பேருந்து போனாலும் போகட்டும்!

வழி விடுங்கள் அம்மா. அப்படித்தான். படி பார்த்து ஏறு.

உட்கார்ந்துவிட்டாள். உறவுகளே, உங்களுக்கு நன்றி. எழில்மதி, உனக்கு என் வணக்கம்.