கேட்டில் தொங்கிய பூட்டு

நத்தம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பூட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் என் தூக்கம் கலைந்தது.

“நாளைக்கிப் போராட்டத்துக்கு வரலைன்னா சம்பளத்தப் புடிப்பாங்களாம்க்கா.”

“போன மாசம் போராட்டத்துக்குப் போனதுக்குத்தான புடிச்சாங்க?”

“அது நம்ம கூலிக்கு நாம நின்னது. இது மொதலாளியே நடத்துறது. வெளிநாட்டுப் பூட்ட உள்ள விடக்கூடாதாம்.”

“கொறஞ்ச வெலைக்கு வந்தா வாங்குற சனத்துக்கு நல்லதுதான?”

“நம்ம வேலை போயிருமேக்கா.”

“அப்ப மொதலாளி பக்கம் நிக்கணுமா? ஒண்ணும் வெளங்கல புள்ள.”

மூத்தவள் ஏதோ நினைவு வந்தவளாய் இளையவள் பக்கம் திரும்பினாள்.

“ஆமா, போன மாசம் நம்மள வெளிய நிப்பாட்டிட்டு மொதலாளி கேட்டப் பூட்டுனாரே, அது நம்ம கம்பெனிப் பூட்டா?”

“இல்லக்கா, சீனாப் பூட்டு. நம்ம செஞ்சதுன்னா நாமளே தொறந்துருவோமாம்.”